பத்து நொடியில் நகர்ந்துவிடும் பார்வையாளர்: ஊடாட்டக் கலைப் படைப்பில் பிழை எங்கே?

நிழற்கோடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையில் வரைகலை வடிவமைப்பாளராகப் பணிபுரிகிறேன். சென்ற மாதம் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு கண்காட்சிக் கூடத்தின் வெள்ளைச் சுவரில் ஊடாட்டப் படைப்பு ஒன்றை அமைத்தோம். கூரையில் ப்ரொஜெக்டர், சுவரோரத்தில் ஆழத்தை, அதாவது எதிரே இருப்பவற்றின் தொலைவை, அளக்கும் கேமரா, திரைச்சீலைக்குப் பின்னால் கணினி. நிரலை ப்ராசஸிங் என்ற நிரல்மொழியில் எழுதினோம். பார்வையாளர் கையை அசைத்தால், சுவரில் மிதக்கும் ஆயிரக்கணக்கான வண்ணப் புள்ளிகள் அந்தக் கையின் பின்னால் ஓடும்.

வந்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் மூன்றாம் நாள் நான் ஒரு மூலையில் குறிப்பேட்டுடன் அமர்ந்து கவனித்தபோது, பெரும்பாலானோர் இரண்டு மூன்று முறை கையை வீசிவிட்டு, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பத்து நொடிக்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டதைக் கண்டேன். ஒரே ஒரு சிறுவன் மட்டும் இருபது நிமிடம் நின்றான். அவனும் எங்கள் புள்ளிகளைப் பார்க்கவில்லை. ப்ரொஜெக்டரின் ஒளியில் சுவரில் விழுந்த தன் கையின் நிழலைக் கொண்டு முயல், நாய், கொக்கு என்று செய்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றரை மாத உழைப்பை ஒரு நிழல் தோற்கடித்துவிட்டது என்ற எண்ணம் இன்னும் உறுத்துகிறது. பிழை நிரலிலா, கற்பனையிலா? அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் சொல்லுங்கள்.

சாலிடர்மணி

கற்பனையைப் பிறகு பார்ப்போம். முதலில் தாமதத்தைக் கணக்கிடுங்கள். உங்கள் கேமரா நொடிக்கு 30 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு சட்டகத்துக்கு ஏறக்குறைய 33 மில்லிநொடி ஆகும். ஆழக் கேமராவின் தரவு நடுங்கும் என்பதால் பலரும் அடுத்தடுத்த சட்டகங்களின் சராசரியை எடுப்பார்கள். எட்டுச் சட்டகங்களின் சராசரி என்றால் அதிலேயே நூறு மில்லிநொடிக்கு மேல் பின்தங்கிவிடுவீர்கள். படத்தை மெருகூட்டும் வேலையில் ப்ரொஜெக்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். அதன் அமைப்புகளில் அந்த மெருகூட்டலைக் குறைக்கும் ‘கேம்’ என்ற தேர்வு இருந்தால் உடனே அதற்கு மாற்றுங்கள்.

நிழலுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கை அசைந்த கணத்திலேயே அதுவும் அசைகிறது. உங்கள் புள்ளிகளோ எஜமானரின் பின்னால் அரை மனத்தோடு ஓடும் வேலைக்காரரைப் போல வந்து சேர்கின்றன. சிறுவனின் தேர்வில் எனக்கு வியப்பில்லை.

வெண்சுவர்

சாலிடர்மணி ஐயா சொன்னது சரி என்றாலும், தாமதத்தைக் குறைத்த பிறகும் பத்து நொடி பதினைந்து நொடியாகுமே தவிர, இருபது நிமிடம் ஆகாது என்றே கருதுகிறேன். ஏனென்றால் அந்தச் சிறுவன் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். மற்றவர்கள் ஒரு விளைவைச் சரிபார்த்துவிட்டுப் போனார்கள். கையை அசைத்தால் புள்ளி வரும் என்று தெரிந்த பின், மறுபடியும் அசைக்க என்ன காரணம் இருக்கிறது?

நிழலை வைத்தே இத்துறையைத் தொடங்கியவர்களில் ஒருவர் அமெரிக்கரான மைரன் குரூகர். 1970-களில் அவர் உருவாக்கத் தொடங்கிய ‘வீடியோபிளேஸ்’ என்ற படைப்பில், பார்வையாளரின் நிழலுருவம் திரையில் தெரியும். ‘கிரிட்டர்’ எனப்படும் சின்னஞ்சிறு உயிரி ஒன்று அந்த நிழலுருவத்தின் மீது ஏறி விளையாடும். மறுமொழியே தம் கலையின் ஊடகம் என்பது அவருடைய கொள்கை. கருவி எதுவாகவும் இருக்கலாம், எப்படிப்பட்ட மறுமொழி என்பதைத்தான் கலைஞர் வடிக்கிறார் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

1999-இல் கமில் அட்டர்பேக், ரோமி அகிடுவ் இருவரும் செய்த ‘டெக்ஸ்ட் ரெய்ன்’ உங்கள் சிக்கலுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே திரையில் பார்வையாளரின் கறுப்பு வெள்ளை உருவத்தின் மீது எழுத்துகள் மழையாக விழுகின்றன. நிரலின் விதி மிக எளிது: குறிப்பிட்ட அளவைவிட இருண்ட எதன் மீதும் எழுத்து தங்கும், வெளிச்சத்தில் மேலும் கீழே நழுவும். தோளில் தங்கும், நீட்டிய கையில் தங்கும், இருவர் சேர்ந்து விரித்துப் பிடித்த துண்டிலும் தங்கும். அவை கண்டபடி சிதறும் எழுத்துகளும் அல்ல. உடலையும் மொழியையும் பற்றிய ஒரு கவிதையின் வரிகள். கையை அசையாமல் நீட்டி, போதிய எழுத்துகள் சேரும்வரை காத்திருந்தால் ஒரு சொல் கிடைக்கும்; நீளமாகப் பிடித்தால் ஒரு தொடரே கிடைக்கும். அங்கே நிற்பவருக்கு வாசிப்பு என்ற வேலை இருக்கிறது, அதற்கு உடலின் பொறுமை தேவைப்படுகிறது. இதைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: உங்கள் படைப்பில் சும்மா நிற்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே 1999-இல் டேனியல் ரோசின் செய்த ‘மரக் கண்ணாடி’யில் திரையே கிடையாது. 830 சிறு மரத்துண்டுகள், ஒவ்வொன்றையும் வேண்டிய கோணத்துக்குத் திருப்ப ஒரு சர்வோ மோட்டார், நடுவே மறைந்திருக்கும் கேமரா. மேலே விளக்கு எரிகிறது. துண்டு மேல்நோக்கிச் சாய்ந்தால் வெளிச்சமாகவும், கீழ்நோக்கிச் சாய்ந்தால் இருட்டாகவும் தெரியும். இப்படி மரத்தின் சாய்வுகளாலேயே எதிரே நிற்பவரின் உருவம் எழுகிறது. துண்டுகள் புரளும்போது எழும் சலசலப்பும் படைப்பின் ஒரு பாதி. கண்ணாடி முன் நிற்பது எப்படி என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா? உங்கள் சுவரின் அருகே ‘கையை அசைக்கவும்’ என்று ஒரு பலகை வைத்திருந்தீர்களா? வைத்திருந்தால் பிழையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

பாலைக்குயில்

நான் பத்தாண்டுகளாக ஷார்ஜாவில் வசிக்கிறேன். கணினி தெரியாத சாதாரணப் பார்வையாளர். ரேண்டம் இன்டர்நேஷனல் என்ற குழு 2012-இல் லண்டன் பார்பிகன் அரங்கில் முதன்முதலில் காட்டிய ‘ரெயின் ரூம்’, 2018 முதல் இங்கே நிரந்தரமாக இருக்கிறது. இருட்டறையில் மழை கொட்டும். நாம் நடக்கும் இடத்தில் மட்டும் நின்றுவிடும். கூரையில் உள்ள கேமராக்கள் நம்மைத் தொடர்ந்து கண்டறிந்து, தலைக்கு மேலுள்ள நீர்த்துளைகளை மூடுகின்றன என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. உள்ளே நுழைந்ததும் என் மகள் ஓடினாள், தொப்பலாக நனைந்தாள். மெதுவாக நடந்தால்தான் மழை வழிவிடும் என்பதை யாரும் சொல்லவில்லை. தோளில் விழுந்த குளிர்ந்த நீர்தான் சொல்லிக்கொடுத்தது. அதன் பிறகு அந்த அறையில் இருந்த எல்லோரும், ஒருவரையொருவர் அறியாதவர்கள், கோயில் பிரகாரத்தில் நடப்பதுபோல் நடந்தோம். ஆண்டுக்குச் சில நாள் மட்டுமே மழை பார்க்கும் ஊரில், மழைக்குள் நின்றும் நனையாமல் திரும்பியது எனக்கு மகிழ்ச்சியைவிட ஏக்கத்தையே தந்தது. வெண்சுவர் அவர்கள் நேரத்தை வைத்து அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நான் உள்ளே இருந்தது கால் மணி நேரம் இருக்கலாம். நடை மாறியது முதல் ஒரு நிமிடத்தில்.

நிழற்கோடு

மூவருக்கும் நன்றி. பலகை வைத்திருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். நேற்றிரவு தாமதத்தையும் அளந்தேன். ஒரு கைப்பேசியை நிறுத்தி, என் கையும் சுவரும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி மெதுவேகக் காணொளி எடுத்து எண்ணியதில், ஏறத்தாழ 210 மில்லிநொடி வந்தது.

புள்ளிகளைக் கைவிட முடிவு செய்துவிட்டோம். நிழலை வைத்துக்கொள்ளப் போகிறோம்: ஒருவர் சுவர்முன் அசையாமல் நின்றால் அவருடைய நிழல் மெல்லச் சுவரில் தங்கிவிடும், அடுத்து வருபவர் அதன் அருகே தம் நிழலைச் சேர்க்கலாம். கலைஞர் ரஃபேல் லோசானோ-ஹெம்மர் 2006-இல் செய்த ‘பல்ஸ் ரூம்’ பற்றி வாசித்தபோது இந்த எண்ணம் தோன்றியது. அதில் கைப்பிடியைப் பற்றியவரின் நாடித்துடிப்புக்கேற்ப ஒரு விளக்கு மின்னும். கையை எடுத்ததும் அந்தத் துடிப்பு அடுத்த விளக்குக்கு நகர்ந்து, முன்பு வந்தவர்களின் துடிப்புகளோடு வரிசையில் சேர்ந்துவிடும். என் ஐயம் ஒன்றுதான்: எத்தனை நிழல்கள் வரை சுவர் தாங்கும்?

சாலிடர்மணி

கணினி எத்தனையையும் தாங்கும், கண்தான் தாங்காது. பல்ஸ் ரூமிலும் புதியவர் ஒருவர் சேரும்போது வரிசையின் கடைசியில் உள்ளவரின் துடிப்பு வெளியேறிவிடும். நீங்களும் ஒரு வரம்பு வைத்து, மிகப் பழைய நிழலை விடுவியுங்கள். சட்டென்று அழிக்காமல், அரை நிமிடம் எடுத்துக்கொண்டு மங்கவிடுங்கள். பல்ஸ் ரூமின் விளக்குகள் இழை விளக்குகள். மின்சாரம் நின்ற பிறகும் இழை ஒரு கணம் சூடாக இருப்பதால் ஒளி மெல்ல அடங்கும், அதனால்தான் துடிப்பு மூச்சுபோலத் தெரிகிறது. எல்.ஈ.டி.யிலும் ப்ரொஜெக்டரிலும் அந்த மென்மை தானாக வராது, நீங்களே எழுத வேண்டும்.

கேமராவை உங்கள் உயரத்துக்கு ஏற்ப மட்டும் சரிசெய்துவிடாதீர்கள். அந்தச் சிறுவன் மறுபடி வந்தால் அவன் நிழலும் முழுதாகப் பதிய வேண்டும்.