கொண்டை ஊசி வளைவில் மட்டும் டைனமோ விளக்கு மங்குகிறது, என்ன காரணம்?

மலைமிதி_சேலம்:
வணக்கம். 400 கிலோமீட்டர் பிரவேவுக்காக (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) என் சைக்கிளின் முன்சக்கரத்தில் ஹப் டைனமோ, அதாவது சக்கரத்தின் நடுவிலேயே இருந்து மின்சாரம் தருவது, போட்டிருக்கிறேன். முன்விளக்கு ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) தலையில். அதிலிருந்து ஒரு ஒயர் ஃபிரேம் வழியாகப் பின்விளக்குக்குப் போகிறது. நேர்ச்சாலையில் குறையே இல்லை. ஏற்காடு ஏறும்போதுதான் வம்பு. வலப்பக்க வளைவில் ஹேண்டிலைத் திருப்பினால் முன்விளக்கு திடீரென்று மங்கி, வண்டியை நிறுத்தினால் எரியுமே, அந்தச் சின்ன வெளிச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. நிமிர்த்தினால் சரியாகிவிடும். இது போக, ஏற்றம் முழுக்க வெளிச்சம் துடித்துக்கொண்டே இருக்கிறது. டைனமோவை மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். விலையை நினைத்தால் பயமாக இருக்கிறது.

டயர்_பஞ்சர்:
வேகம் குறைவு, அதுதான் காரணம் பாஸ். இந்த டைனமோ எல்லாம் 15 கிலோமீட்டர் வேகத்தில் 6 வோல்ட், 3 வாட் தரும் கணக்கில் செய்தவை. ஏற்காடு ஏற்றத்தில் 15 யாருக்கு வரும்?

மலைமிதி_சேலம்:
அப்படியானால் இடப்பக்க வளைவிலும் மங்க வேண்டுமே? அங்கே மங்கவில்லை.

பின்காற்று:
தம்பி, டைனமோவுக்கு இப்போதைக்குக் காசு எடுத்து வைக்காதீர்கள். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனி விஷயம்.

துடிப்பை முதலில் முடித்துவிடலாம். ஹப்புக்குள் 26 அல்லது 28 காந்த முனைகள் இருக்கும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் விளக்குக்கு ஏறக்குறைய அத்தனை துடிப்புகள். 7 கிலோமீட்டர் வேகத்தில் 700சி அளவுச் சக்கரம் வினாடிக்கு ஒரு சுற்றுகூட முழுதாக வராது. அதாவது வினாடிக்கு 25 துடிப்புதான், அது கண்ணுக்குத் தெரியும். 20-ஐத் தொட்டால் 70-க்கு மேல் போய்விடும், தெரியாது. இது பழுதே இல்லை.

வளைவில் மங்குவதுதான் பழுது. டைனமோவிலிருந்து முன்விளக்குக்கு வரும் ஒயர் ஃபோர்க்கோடு சேர்ந்தே திரும்பும்; ஹேண்டிலைத் திருப்பினால் அது இழுபடாது. ஃபோர்க்கிலிருந்து ஃபிரேமுக்குத் தாண்டுவது பின்விளக்கு ஒயர் ஒன்றுதான். வலப்பக்கம் திருப்பும்போது அது இழுபட்டு, உள்ளே இரண்டு கம்பியும் தொட்டுக்கொள்கின்றன என்று நினைக்கிறேன். டைனமோ தருவது சுமார் அரை ஆம்பியர், அதற்கு மேல் தராது. பின்னால் ஷார்ட் ஆனால் அத்தனையும் அந்தப் பக்கம் ஓடிவிடும், முன்விளக்குக்கு எதுவும் மிஞ்சாது. அப்போது எரிகிற சின்ன வெளிச்சம் விளக்கினுள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டரின் புண்ணியம். ஷார்ட்டால் டைனமோ கெட்டுப்போகாது, அந்தக் கவலை வேண்டாம்.

முன்விளக்கில் பின்விளக்குக்கான இரண்டு கிளிப்பையும் கழற்றி, முனைகளில் டேப் சுற்றிவிட்டு, பின்னால் பேட்டரி விளக்கு மாட்டிக்கொண்டு ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

டயர்_பஞ்சர்:
மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் போதாதா?

பின்காற்று:
பார்க்கலாம், ஆனால் வண்டி நேராக நிற்கும்போது ஷார்ட் இருக்காதே. பின் ஒயரை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டு, மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டே பார்க்க வேண்டும். சத்தம் வந்தால் ஆள் அகப்பட்டான். டைனமோவையே சோதிப்பதானால், அது தருவது ஏசி (மாறுதிசை மின்சாரம்) என்பதால், மீட்டரை ஏசியில் வையுங்கள். டிசியில் வைத்துவிட்டு டைனமோ செத்துவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம்.

மலைமிதி_சேலம்:
அண்ணா, பின் ஒயரைக் கழற்றிவிட்டு ஏறினேன், ஒரு வளைவிலும் மங்கவில்லை! வீட்டில் வந்து பார்த்தால் ஹேண்டில் கழுத்துக்குப் பக்கத்தில் ஜிப் டையை இறுக்கக் கட்டியிருக்கிறார்கள். அதன் விளிம்பில் ரப்பர் உறை அறுந்து செம்பு பளபளவென்று தெரிகிறது. டேப் சுற்றினால் போதுமா?

பின்காற்று:
பிரவேயில் மழை பிடித்தால் டேப் தாங்காது. ஒயரை முழுதாக மாற்றுங்கள். அதிக விலையில்லை. கழுத்துக்கு முன்னால் ஒரு சின்ன வளையம் தொங்கும் அளவுக்குத் தளர்வாக விட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்த பிறகு கட்டுங்கள். முனைகளில் வெப்பத்தில் சுருங்கும் குழாய் போடுங்கள். சில பின்விளக்குகள் கூட்டல் கழித்தல் மாறினால் எரியாது, அதையும் கவனியுங்கள்.

நள்ளிரவு_டீ:
இடையில் ஒரு சந்தேகம். இதே டைனமோவில் போனையும் சார்ஜ் போடலாமா?

பின்காற்று:
பகலில் விளக்கை அணைத்துவிட்டுப் போடுங்கள், அதுவும் நடுவில் ஒரு பவர் பேங்க் வைத்து. 3 வாட்டை இரவில் இரண்டுக்கும் பங்கு போட்டால் இரண்டும் அரைகுறைதான்.

மலைமிதி_சேலம்:
புது ஒயர் போட்டாயிற்று, வளைவில் இப்போது பிரச்சினையே இல்லை. துடிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

பின்காற்று:
அது இருக்கத்தான் செய்யும். ஏற்றத்துக்கு ஹெல்மெட்டில் சின்ன பேட்டரி விளக்கு ஒன்று மாட்டுங்கள். வளைவில் டைனமோ விளக்கு முன்சக்கரம் பார்க்கும் பக்கம்தான் அடிக்கும்; தலையில் இருந்தால் நீங்கள் பார்க்கும் பக்கம் வெளிச்சம் வரும். எதிரே வண்டி வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.