நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயில் தேர்: கும்பிடு நமஸ்காரம் நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கோட்டாறு மருமகள்:
ஒன்பதாம் திருவிழா ராத்திரித் தேர். கல்யாணமாகி வந்த முதல் டிசம்பர். உப்பும் நல்லமிளகும் கட்டிய பொட்டலத்தைக் கையில் திணித்து, "தேர் பக்கத்துல வந்ததும் போடு மக்களே" என்று சொல்லிவிட்டு மாமியார் கூட்டத்தில் காணாமல் போய்விட்டார். தேர் தாண்டியதும் ஆண்கள் உருண்டு வந்தார்கள், அது டிவியில் பார்த்ததுதான். அவர்களுக்குப் பின்னால் ஒரு பாட்டி கும்பிடு நமஸ்காரம் செய்துகொண்டு வந்தார். நாலு எட்டு நடப்பார், நெடுஞ்சாண்கிடையாக விழுவார், எழுவார், மறுபடியும் விழுவார். ரோடெல்லாம் நசுங்கிய உப்பு, அவருக்கோ முழங்கையில் தோல் உரிந்திருந்தது. உள்ளங்கையில் பதிந்த மிளகை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு, தண்ணீர் நீட்டிய பெண்ணிடம், "முடிஞ்ச பொறவு தா" என்றார். என்ன நேர்ச்சையோ, இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது.

மணக்குடி ஜோ:
பக்தி எல்லாம் சரி, ஆனால் இந்த உப்பு மிளகு பைபிளில் எங்கே இருக்கிறது? போன தடவை பின்னால் நின்றவர் எறிந்த மிளகு என் தோளில் இருந்த பிள்ளை கண்ணில் பட்டு, தேர் பார்க்காமலே திரும்பினோம். ஆயர் (பிஷப்) தான் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

ஆளூர்காரி:
ஜோ அண்ணே, பழைய லத்தீன் முறையில் ஞானஸ்நானத்துக்கே குழந்தை நாக்கில் உப்பு வைப்பார்கள், உங்கள் தாத்தாவுக்கும் வைத்திருப்பார்கள். எறிகிறவர்களுக்குப் புத்தி வேண்டும், அதற்காக வழக்கத்தையே நிறுத்தச் சொன்னால் எப்படி? எங்கள் அம்மா எனக்கு மரு உதிர வேண்டும் என்று நேர்ந்து போட்டார். உதிர்ந்தது. மருந்தும் போட்டோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரயிலடி ராஜா:
சென்னையிலிருந்து வந்த நண்பன் கோயிலுக்குள் நுழைந்ததும், "சவேரியார் உடல் எங்கே இருக்கு?" என்றான். அது கோவாவில் என்றதும் முகம் தொங்கிவிட்டது. தேவசகாயம் பிள்ளை கல்லறைக்குக் கூட்டிப்போனேன். 1752-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டவர், 2022-இல் புனிதர் பட்டம் பெற்றவர், இங்கேதான் அடக்கம் என்று சொன்னதும் அந்த இடத்தைவிட்டு நகரவே மாட்டேன் என்றான்.

அப்புறம், புதிதாக வருகிறவர்களுக்கு: டிசம்பர் 3 குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, அன்றைக்குக் காரில் வராதீர்கள். ரயிலில் வந்தால் நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து நடந்தே வந்துவிடலாம். பஸ் என்றால் மீனாட்சிபுரத்தில் இறங்கி நடங்கள். மழைக்காலம்தான், ஆனால் குடையைத் தேர் பக்கம் விரிக்காதீர்கள், பின்னால் நிற்கிறவர் திட்டுவார். நல்ல செருப்புப் போட்டு வந்து தொலைத்துவிட்டுச் சவேரியாரிடம் புகார் சொல்லக் கூடாது. பிள்ளையைத் தோளில் வைத்திருப்பவர்கள் தேருக்கு நேர் முன்னால் நிற்காமல் ஓரமாக ஒதுங்கினாலே போதும் ஜோ, இதற்கு ஆயர் எதற்கு?

மணக்குடி ஜோ:
ஓரமாகத்தான் நின்றேன்.