புத்தர் கதைக்கு ஒரு குதிரைக்காரர் தேவை

வணக்கம் நண்பர்களே. புத்தரின் வாழ்க்கையை நெடுங்கவிதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை சொல்பவன் தேரோட்டி சன்னன். சித்தார்த்தர் 29 வயதில் அரண்மனையை விட்டுக் கிளம்பிய அந்த ஓர் இரவோடு மூன்று மாதமாக மல்லுக்கட்டுகிறேன்.

மரபுக் கதைப்படி கந்தகன் என்கிற குதிரை அவரை அநோமை ஆறு வரை சுமந்துபோகிறது, அப்புறம் பிரிவு தாங்காமல் செத்துவிடுகிறது. ஊர் விழிக்காதபடி தேவர்கள் அதன் குளம்புகளைக் கையில் ஏந்தினார்களாம். பழைய பௌத்தச் சிற்பங்களில் இந்தக் காட்சியில் குதிரைமேல் ஆளே இருக்காது. காலி முதுகுக்கு மேலே ஒரு குடை மட்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் முடிவு செய்தேன், என் கவிதையிலும் சித்தார்த்தர் ஒரு வரிகூடப் பேசமாட்டார்.

சிக்கல் என்னவென்றால், எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது! லாயத்தின் வாசனை, இருட்டில் சேணம் கட்டும் விதம், எசமான் இல்லாமல் திரும்பும் குதிரையின் நடை எல்லாம் வேண்டும். மெரினாவில் சவாரிக்குக் குதிரை வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால் அறிமுகப்படுத்துங்கள். ஒரு மணி நேரம் பேசினால் போதும், அவருடைய நேரத்துக்கு உரிய பணம் தந்துவிடுகிறேன்.

இன்னொன்று. பௌத்தத்தைக் கடைப்பிடிப்பவர்கள் இரண்டு பேர் முதல் 40 பக்கத்தைப் படித்து, மனம் புண்படுகிற இடம் இருந்தால் சொல்ல வேண்டும். சித்தார்த்தரின் மனைவி யசோதரை கோபப்படும் பகுதியில்தான் எனக்குப் பயம். பாராட்டு வேண்டாம், பென்சிலோடு வாருங்கள்.