நுவரெலியாவில் இயங்க மறுத்த டீசல் கார்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

நல்லூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

யாழ்ப்பாணத்தில் வாகனம் வைத்திருக்கும் எவரும் குளிரை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. மார்கழிப் பனி விழும் விடியற்காலையிலும் இங்கு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. என்னுடைய பழைய டீசல் கொரோலாவில் (டூ-சி எஞ்சின்) இருந்த கோளாறு எவ்வளவு காலமாக ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. அது வெளிப்பட்டது, தைப்பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்துடன் நுவரெலியாவுக்குச் சென்றபோதுதான்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் கண்ணாடியெல்லாம் ஈரம் படிந்திருந்தது. திறப்பைத் திருப்பியதும் சுருள் அடையாளம் போட்ட மஞ்சள் விளக்கு வழக்கம்போல எரிந்து அணைந்தது. எஞ்சின் சுழன்றது, ஆனால் பற்றவில்லை. மூன்று நான்கு முறை முயன்ற பின் குழாயிலிருந்து வெண்புகை கிளம்பி, டீசல் நாற்றம் முற்றம் முழுவதும் பரவியது. பற்றரிதான் சோர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, விடுதிக்காரரின் வாகனத்திலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தோம். எஞ்சின் முன்னிலும் வேகமாகச் சுழன்றதேயன்றி இயங்கவில்லை. அங்கு நின்ற சாரதி ஒருவர், பெற்றோலில் நனைத்த துணியை எயார் கிளீனர் வாயில் பிடித்தால் உடனே இயங்கும் என்று மிகுந்த அன்புடன் ஆலோசனை கூறினார். நான் இசையவில்லை. டீசல் எஞ்சினின் அழுத்தத்தில் பெற்றோல் ஆவி உரிய வேளைக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனையோ ரிங்கையோ உடைத்துவிடக்கூடும். குளிர்ந்த எஞ்சினை இயக்குவதற்காக உள்ளே சூடேற்றும் ஹீற்றர் பிளக் சிவந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஒன்பது மணியளவில் பொனற்றின் மேல் வெயில் விழுந்த பிறகு, உடம்பு முழுவதும் நடுங்க, கார் தானாகவே இயங்கியது.

ஊர் திரும்பியதும் முதலில் சென்ற கராஜில், டீசல் பம்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். நல்லவேளையாகப் பணம் கையில் இருக்கவில்லை. பின்னர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. "தம்பி, சுத்தேக்க புகை வந்ததோ? என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டார். வெள்ளை என்றேன். "அப்ப டீசல் உள்ள போகுது, எரியேல்ல. பம்பைத் தொடாதேங்கோ" என்றார்.

அதன் பிறகு அவர் செய்தது பத்து நிமிட வேலை. நான்கு ஹீற்றர் பிளக்குகளையும் இணைக்கும் உலோகப் பட்டையில், திறப்பைத் திருப்பியதும் மின்சாரம் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. ஆகவே பிளக்குகளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் றிலேயில் பிழையில்லை. பட்டையைக் கழற்றிவிட்டு, பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சிறிய பல்ப்பின் வழியாக வயர் எடுத்து, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டார். நல்ல பிளக்கில் பல்ப் எரிய வேண்டும். ஒன்றில் மட்டுமே எரிந்தது. மற்ற மூன்றும் உள்ளே அறுந்து போயிருந்தன. முன்பலகை விளக்கு ஒழுங்காக எரிந்து அணைவதை நம்பி ஏமாந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அது நேரத்தைக் கணக்கிடுகிறதேயன்றி, பிளக் சூடாகியதா என்பதை அறியாது.

யாழ்ப்பாணத்தில் ஒரே ஒரு பிளக்கோடு அது எப்படி இயங்கியது என்று கேட்டேன். காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. இங்கு எஞ்சின் இழுக்கும் காற்றே பெரும்பாலும் 20 பாகைக்கு மேல் இருப்பதால், அழுத்தியவுடன் டீசல் எரியும் சூட்டை அது எளிதில் எட்டிவிடுகிறது. நுவரெலியாவோ ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிரில் ஒயில் தடித்து எஞ்சினை இறுக்கிப் பிடிக்க, பற்றரியும் தன் பலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. போதாக்குறைக்கு இந்த எஞ்சினில் டீசல் முதலில் தலைப்பகுதியிலுள்ள ஒரு சிறு அறைக்குள் தெளிக்கப்படுகிறது. அந்த அறையின் குளிர்ந்த சுவர் சூட்டை உறிஞ்சிவிடுவதால், ஹீற்றர் பிளக் அதற்கு இன்றியமையாதது.

நான்கையும் சேர்த்தே மாற்றினோம். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போதே அவர் கழற்றினார். கரி பிடித்த பிளக்கைக் குளிர்ந்த நிலையில் முரட்டுத்தனமாகத் திருகினால் முனை முறிந்து உள்ளே விழுந்துவிடும். புதியவை பழையவற்றின் வோல்ற் அளவையே கொண்டவையா என்று, பிளக்கில் பொறிக்கப்பட்ட எண்ணைக் கண்ணாடி அணிந்து இருமுறை வாசித்தார்.

கோண்டாவிலிலிருந்து மற்றொருவர்:

பெற்றோல் துணியைப் பற்றி வாசித்ததும் 90களின் பொருளாதாரத் தடைக் காலம் நினைவுக்கு வந்தது. எங்கள் ஒஸ்ரின் ஏ40 கார் அப்போது மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது என்பதால், அப்பா ஒரு சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொன்போலக் காத்து வைத்திருப்பார். மார்கழிக் காலையில் கேத்தல் சுடுநீரை, எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் செல்லும் மனிபோல்ட் குழாயின் மேல் ஊற்றி, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சிவிட்டு, கம்பியால் சுற்றுவார். பெற்றோலில் எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் தொடரும். அது பெற்றோல் எஞ்சின் என்பதால் பொறுத்துக்கொண்டது. அந்தப் பழக்கத்தை டீசலுக்குக் கொண்டுபோவது தவறு என்று நானும் எண்ணுகிறேன்.

பளையிலிருந்து ஒருவர்:

காலையில் இயங்க மறுப்பதெல்லாம் ஹீற்றர் பிளக்கின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. என் டீசல் வான் பளை வெயிலிலேயே இப்படிச் செய்தது, ஆனால் சுற்றும்போது புகையே வரவில்லை. டீசல் பில்டரின் மேலுள்ள கைப்பம்பைப் பத்துப் பதினைந்து தடவை அமுக்கிய பின் உடனே இயங்கியது. இரவில் எங்கோ காற்றுப் புகுந்து டீசல் தாங்கிக்குத் திரும்பிவிடுகிறது என்று அதிலிருந்து விளங்கியது. தேடிப் பார்த்ததில், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்ரர்களிலிருந்து மிகுதி டீசலைத் திருப்பி அனுப்பும் குழாய் முருங்கைக் காய்போல விறைத்து, நுனியில் வெடித்திருந்தது. ஒரு முழம் றப்பர் குழாயுடன் காரியம் முடிந்தது.

நல்லூர் உறுப்பினர்:

புகை இல்லை என்பதே பெரிய துப்பு, நன்றி. மாசியில் மறுபடியும் நுவரெலியா சென்றோம். விடியற்காலையில் திறப்பைத் திருப்பி, விளக்கு அணைந்த பிறகும் ஐந்து வினாடி காத்திருந்து சுழற்றினேன். முதல் முயற்சியிலேயே இயங்கியது. ஆனாலும் முதல் நாள் இரவு காரைப் பொனற் கிழக்கு நோக்கும்படி நிறுத்தியிருந்தேன் என்று மனைவி இன்னமும் சிரிக்கிறார்.