வேர்டில் பழைய சமன்பாடு திருத்த வரவில்லை, ஈக்வேஷன் எடிட்டர் 3.0-ஐத் திரும்பப் போடலாமா?

கணக்கு வாத்தியார்:
வணக்கம். பதினைந்து வருஷமாகச் சேர்த்த பிளஸ் டூ கணக்கு வினாத்தாள்கள் வேர்டில் இருக்கின்றன. புதுக் கம்ப்யூட்டரில் சமன்பாடு கண்ணுக்குத் தெரிகிறது. திருத்த இரட்டை க்ளிக் செய்தால் ஈக்வேஷன் எடிட்டர் இல்லை என்கிறது. சக ஆசிரியர் ஒருவர் பழைய கம்ப்யூட்டரிலிருந்து அந்த இஎக்ஸ்இ ஃபைலைப் பென்டிரைவில் தந்திருக்கிறார். போடலாமா? திங்கட்கிழமை திருப்புதல் தேர்வு.

பிழைதேடி:
போடாதீர்கள் ஐயா. 2018 ஜனவரி அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட்டே அதை எடுத்துவிட்டது. 2000 நவம்பரில் கம்பைல் ஆன நிரல் அது, 17 வருஷம் அப்படியே ஆஃபிஸோடு வந்தது. சமன்பாட்டுக்குள் எழுத்துருவின் பெயரும் இருக்கும். அந்தப் பெயரை ஸ்டாக்கில் (நிரல் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) ஒதுக்கிய சின்ன இடத்துக்கு நகலெடுக்கும்போது நீளத்தைப் பார்ப்பதே இல்லை. உழக்கில் படி அரிசியைக் கொட்டுகிற கதைதான். வேலை முடிந்ததும் நிரல் எங்கே போக வேண்டும் என்று பக்கத்தில் ஒரு திரும்பும் முகவரி இருக்கும், வழிவது அதன் மேல் விழும். அப்புறம் நிரல் திரும்பிப் போவது, ஃபைலை அனுப்பியவன் எழுதிவைத்த இடத்துக்கு. இந்த ஓட்டையின் பதிவு எண் சிவிஇ-2017-11882, தேடிப் பாருங்கள்.

கணக்கு வாத்தியார்:
நான் திறப்பது என் ஃபைலைத்தானே? ஃபைலுக்குள் இருந்து தானே ஓடும் மேக்ரோ நிரல்களையும் அணைத்தே வைத்திருக்கிறேன்.

பிழைதேடி:
இதற்கு மேக்ரோவே வேண்டாம். எடிட்டர் வேர்டுக்கு வெளியே தனி ப்ராசஸாக ஓடும். தரவு இருக்கும் இடத்தில் நிரலை ஓடவிடாத டெப், நினைவக முகவரிகளைக் கலைத்துப்போடும் ஏஎஸ்எல்ஆர், இரண்டு காவலும் அதற்குக் கிடையாது. உங்கள் ஃபைல் சரி, நாளைக்கு ‘சுற்றறிக்கை’ என்று மெயிலில் வேர்டில் திறக்கும் ஓர் ஆர்டிஎஃப் ஃபைல் வந்தால்? 2017 நவம்பரில் ஒட்டுப் போட்டார்கள். கம்பைல் ஆன பைனரியிலேயே கை வைத்த மாதிரி இருந்ததால், மூல நிரலான சோர்ஸ் கோடு தொலைந்துவிட்டதோ என்றுகூடப் பேச்சு வந்தது. பிறகு அதே எடிட்டரில் இன்னோர் ஓட்டை. அதோடு தூக்கிவிட்டார்கள்.

டிடிபி அக்கா:
சார், திங்கட்கிழமைக்கு வழி சொல்கிறேன். லிப்ரெஆஃபிஸ் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். அமைப்புகளில் ‘ஏற்றல்/சேமித்தல்’ பகுதிக்குள் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் பக்கம் இருக்கும். அங்கே மேத்டைப் (சமன்பாடு எழுதும் இன்னொரு மென்பொருள்) வரிசையில் டிக் இருக்கணும். பிறகு ஃபைலைத் திறந்தால் சமன்பாட்டைத் திருத்தலாம். அணிகளை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அடைப்புக்குறி நகர்ந்துவிடும். மேத்டைப் வைத்திருந்தால் அதிலும் திறக்கும். எதுவானாலும் நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

கணக்கு வாத்தியார்:
திறந்துவிட்டது, நன்றி. 3×3 அணி ஒன்றில் வலப்பக்க அடைப்புக்குறி காணவில்லை, கையால் போட்டேன். பென்டிரைவ் ஃபைலை அழித்துவிட்டேன். கொடுத்தவரிடம் சொன்னேன், இன்னும் மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறாராம்.