குவேக்கர் இல்லத்துக்கு உதவுவது: பணம் எப்படி, நேரம் எப்படி?

தாழ்வாரம்:
பாஸ்டனில் 1957 முதல் நடக்கும் பீக்கன் ஹில் நண்பர்கள் இல்லம், பென்சில்வேனியாவின் வாலிங்ஃபோர்டில் 1930 முதல் இருக்கும் பெண்டில் ஹில். இப்படிப் பலர் சேர்ந்து வாழ்ந்து, மௌன வழிபாடும் ஆன்மிக வகுப்புகளும் நடக்கும் குவேக்கர் (மௌனமாகக் கூடி வழிபடும், 'நண்பர்கள்' என்றும் அழைக்கப்படும் கிறிஸ்தவப் பிரிவினர்) இல்லம் ஒன்றுக்கு உதவ விருப்பம். ஆண்டுக்கு 1,000 டாலர் தரலாம், சனிக்கிழமைகளில் நேரமும் உண்டு. பணத்தை வகுப்புகளுக்கு மட்டும் என்று குறிப்பிட்டுக் கொடுக்கலாமா? வரி விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

அகல்:
குறிப்பிடாமல் கொடுங்கள். "இதற்கு மட்டும்" என்று வந்த பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், வேறு எதற்கும் தொட முடியாது. வகுப்புக்கென்று தர ஆள் கிடைத்துவிடும். அந்த வகுப்பு நடக்கிற கூடத்தின் கூரை, பாய்லர், காப்பீடு, சமையல்காரர் சம்பளம் இவற்றுக்குத்தான் தட்டுப்பாடு. இங்கிலாந்தின் வுட்ப்ரூக்கைப் பாருங்கள். 1903இல் ஜார்ஜ் காட்பரியின் வீட்டில் தொடங்கியது. 2023இல் கட்டடத்தை விட்டுவிட்டு, வகுப்புகளை இணையத்திலும் வேறு இடங்களிலுமாகத் தொடர்கிறார்கள். வகுப்பு பிழைத்தது, தங்கும் இடம் போய்விட்டது. சேர்ந்து வாழ்வதே முக்கியம் என்று நினைப்பவருக்கு அது சின்ன இழப்பல்ல.

டிசம்பரில் மொத்தமாகத் தருவதைவிட மாதம் 80 டாலர் தானாகப் போகும்படி வைப்பது மேல். அறைகள் காலியாகி வாடகை குறையும் மாதங்களில் அது கைகொடுக்கும். நீங்கள் வேலை செய்யும் நிறுவனம் உங்கள் நன்கொடைக்கு ஈடாகத் தன் பங்கையும் இல்லத்துக்குத் தருமா என்றும் கேளுங்கள். வழிபாட்டு அமைப்புகளுக்குத் தராத நிறுவனங்கள் பல உண்டு. ஆனால் இத்தகைய இல்லம் கல்வி அறக்கட்டளையாகப் பதிவாகியிருந்தால் விண்ணப்பம் தேறக்கூடும். பணம் அனுப்புமுன் இல்லத்தின் வரி அடையாள எண்ணை வாங்கி, நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கல்தூண்:
அமெரிக்க வரியைப் பற்றி. 250 டாலரோ அதற்கு மேலோ ஒரே தடவையில் கொடுத்தால், வரிக்கணக்கு தாக்கல் செய்யுமுன் எழுத்துப்பூர்வ ஒப்புகை கையில் இருக்க வேண்டும். பதிலுக்கு எதுவும் பெறவில்லை என்ற வாசகமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அது விடுபட்டால் வரிக்கழிவு மறுக்கப்படலாம்.

தியான முகாமுக்கு 300 டாலர் கட்டி, தங்குமிடமும் சாப்பாடும் வகுப்பும் சேர்ந்து 220 பெறும் என்றால், 80 மட்டுமே நன்கொடை. அங்கே குடியிருப்பவர் கட்டும் வாடகை நன்கொடையே அல்ல. உங்கள் உழைப்புக்கும் மதிப்புப் போட முடியாது. இல்லத்துக்காக வாங்கிய பெயின்டுக்கு ரசீது இருந்தால் அதைக் காட்டலாம். 2026 முதல், செலவுகளை இனம் பிரித்துக் காட்டாதவர்களுக்கும் பண நன்கொடையில் தனிநபருக்கு 1,000, தம்பதிக்கு 2,000 டாலர் வரை கழிவு உண்டு. உங்கள் தொகை அதற்குள் அடங்கிவிடுகிறது.

மூன்றாம்படி:
நேரத்தைப் பொறுத்தவரை, வகுப்பு எடுக்கிறேன் என்று போய் நிற்காதீர்கள். முதலில் சில வாரம் வழிபாட்டில் சும்மா உட்காருங்கள். பிறகு சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் கழுவும் முறைப்பணி ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டின் பாதி உறவு அந்தத் தொட்டியருகில்தான் வளர்கிறது.

கணினி தெரிந்தவர் என்றால் இணையவழி வழிபாட்டின் வாசல் காவல், அதாவது சேர்பவர்களை உள்ளே விட்டு ஒலியைக் கவனித்துக்கொள்வது, பெரிய உதவி. மௌனம் நீளும்போது ஜூம் மைக்கின் ஒலியளவைத் தானே ஏற்றும், ஹீட்டர் ரீங்காரம் இரைச்சலாகிவிடும். யாராவது எழுந்து மெல்லப் பேசினாலோ, அதையே இரைச்சல் என்று நினைத்து முதல் சில சொற்களை விழுங்கிவிடும். தானாக ஒலியளவு மாற்றுவதை அணையுங்கள், 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போடுங்கள். எதிரொலி நீக்கத்தை மட்டும் அணைக்காதீர்கள், கூடத்து ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் திரும்பப் புகுந்துவிடும். மடிக்கணினியின் மைக் போதாது. எல்லாத் திசையிலும் கேட்கும் மைக்கை வட்டத்தின் நடுவில் தாழ்வான மேசையில் வையுங்கள். ஆள் நுழையும்போது அடிக்கும் மணியையும் அரட்டைப் பெட்டியையும் நிறுத்துங்கள். ஆனால் பங்கேற்பவர் தன் மைக்கைத் தானே திறக்கும் உரிமையைப் பிடுங்கக் கூடாது. யாருக்கும் பேச்சு எழலாம் என்பதுதானே இந்த வழிபாடு!

தாழ்வாரம்:
நன்றி, மாதக் கணக்காகவே வைத்துவிடுகிறேன். தெளிவுக் குழுவில் உட்கார அழைத்தால் போகலாமா?

மூன்றாம்படி:
வாயை அடக்க முடியுமென்றால் போங்கள். முடிவெடுக்கத் தவிக்கும் ஒருவர் தன் சிக்கலை முன்கூட்டியே எழுதித் தருவார். ஐந்தாறு பேர் இரண்டு மூன்று மணி நேரம் அவரோடு உட்கார்ந்து கேள்வி மட்டுமே கேட்பார்கள். "ஒரு ஆலோசகரைப் பார்த்தால் என்ன?" என்பது கேள்விக்குறி போட்ட அறிவுரை, அது கூடாது. "இந்த வேலையை விட்டால் எதை இழப்பதாகத் தோன்றுகிறது?" என்பது கேள்வி. பதில் வந்ததும் அடுத்ததற்குப் பாயாமல் கொஞ்சம் மௌனம் விடுங்கள். கூட்டம் முடிந்தபின் அந்த விஷயத்தை அவராக எடுத்தாலொழிய அவரிடம்கூட நீங்கள் எடுக்கக் கூடாது.