கிராஃபிக்ஸ் கார்டு மாற்றியதிலிருந்து காலையில் மட்டும் டிஸ்ப்ளே வருவதில்லை, உதவுங்கள்

தாமிரபரணி07:
வணக்கம். பத்து நாளாக மண்டை காய்கிறது, யாராவது கொஞ்சம் பாருங்கள். 1050 டிஐ கார்டை எடுத்துவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 போட்டேன், புதிது, பில்லோடு வாங்கியது. ஐ5 10400எஃப், 16 ஜிபி ராம், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), மானிட்டர் 24 அங்குலம், 1080பி, 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 தடவை படம் மாறும்). பழைய கார்டில் எச்டிஎம்ஐயில் ஓட்டிக்கொண்டிருந்தேன், புது கார்டு வந்ததும் 165 முழுதாக வேண்டும் என்ற ஆசையில் டிஸ்ப்ளே போர்ட் கேபிள் ஒன்றைத் தனியாக வாங்கினேன்.

காலையில் முதல் தடவை பவர் பட்டனை அமுக்கினால் விசிறி எல்லாம் சுற்றுகிறது, கீபோர்டு விளக்கு எரிகிறது, ஆனால் மானிட்டர் "நோ சிக்னல்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறது. மதர்போர்டில் விஜிஏ என்று எழுதிய குட்டி விளக்கு, கிராஃபிக்ஸ் கார்டு எழவில்லை என்று காட்டுவது, எரிந்தபடியே நிற்கிறது. ஆன், ஆஃப், எல்லாவற்றையும் பிடுங்கி மாட்டு, மறுபடி ஆன் என்று அரை மணி நேரம் போராடினால் எப்போதோ ஒரு தடவை வருகிறது. வந்துவிட்டால் இரவு வரை ஒரு குறையும் இல்லை, மூன்று மணி நேரம் விளையாடினாலும் சரி, பத்து தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் சரி. கார்டு பழுதா? கடையில் திருப்பிக் கேட்கலாமா?

ஊசிப்பட்டாசு:
ராமைக் கழற்றி, தங்க நிறப் பல் இருக்கும் பக்கத்தை ரப்பரால் தேய்த்து மாட்டுங்கள். எனக்கு எப்போது டிஸ்ப்ளே வரவில்லை என்றாலும் அதுதான் மருந்து.

தாமிரபரணி07:
தேய்த்துவிட்டேன் சகோ, தம்பியின் பென்சில் டப்பாவில் இருந்த ரப்பரே கரைந்துவிட்டது. மதர்போர்டு செட்டிங்ஸை நினைவில் வைத்திருக்கும் பயாஸ் பேட்டரியையும் கழற்றி மாட்டினேன். மாற்றமில்லை.

தூங்காநகரம்:
எஸ்எம்பிஎஸ்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். 3060க்கு 550 வாட் எல்லாம் போதாது, 750 வாங்குங்கள்.

பழைய சிஆர்டி:
போதும். கணக்கு போட்டுப் பாருங்கள், கார்டு 170 வாட், பிராசஸர் 65, பலகை டிஸ்க் விசிறி எல்லாம் சேர்த்து இன்னொரு 60 வைத்துக்கொண்டாலும் 300ஐத் தொடவில்லை. தயாரிப்பாளரே 550 போதும் என்றுதான் சொல்கிறார். அதோடு எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கவில்லை என்றால் கேம் நடுவில் அணைய வேண்டும், கார்டு சும்மா இருக்கும் காலை நேரத்தில் மட்டும் ஏன் தகராறு செய்கிறது? ஆயிரக்கணக்கில் செலவு வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசிக்கலாமே.

தூங்காநகரம்:
அப்படியானால் டிரைவர். டிடியூ (டிரைவரை நீக்கும் மென்பொருள்) வைத்துப் பழைய டிரைவரைச் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பழைய சிஆர்டி:
அவருக்கு மதர்போர்டு லோகோவே வரவில்லை. டிரைவர் என்பது விண்டோஸ் எழுந்த பிறகு வரும் ஆள், அதற்கு முன்னால் நடக்கும் சண்டைக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

தாமிரபரணி, சில கேள்விகள். கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 8 பின் வயர் கிளிப் விழும் வரை அழுத்தி மாட்டியிருக்கிறதா? கார்டு ஸ்லாட்டில் நேராக உட்கார்ந்திருக்கிறதா, கனத்தில் ஒரு பக்கம் தொங்குகிறதா? பழைய எச்டிஎம்ஐ கேபிளைப் போட்டுப் பார்த்தீர்களா? மானிட்டருக்குக் கரண்ட் எங்கிருந்து போகிறது, கேபினட்டுக்கு எங்கிருந்து போகிறது?

ஐந்தாம் தலைமுறை:
மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் மாட்டிப் பாருங்கள், அதில் வந்தால் கார்டுதான் கோளாறு.

தாமிரபரணி07:
என்னுடையது எஃப் பிராசஸர், உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, அதனால் போர்டில் மாட்டினால் எதுவும் வராது. 8 பின் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது, கார்டும் நேராக இருக்கிறது. பழைய கார்டை விற்றபோது எச்டிஎம்ஐ கேபிளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன், திட்டாதீர்கள்.

கரண்ட் பற்றி ஏன் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கேபினட் 600 விஏ யுபிஎஸ்ஸில் இருக்கிறது. முதலில் மானிட்டரும் அதில்தான் இருந்தது, 360 வாட்தான் தாங்கும் என்பதால் புது கார்டு வந்ததும் பயந்துபோய் மானிட்டரை நேரடியாகச் சுவர் பிளக்குக்கு மாற்றினேன். இரவில் யுபிஎஸ்ஸை அணைத்துவிட்டுப் படுப்பேன், மானிட்டர் சுவிட்ச் ஆனிலேயே கிடக்கும். இன்னொன்று, போன செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதிக்கு ஈபி பராமரிப்பு மின்தடை. காலை 9 முதல் 2 வரை கரண்ட் இல்லை. அது முடிந்து வந்து போட்டால் ஒரே அமுக்கில் வந்துவிட்டது! தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன், புதன்கிழமை காலை பழைய கதைதான்.

பழைய சிஆர்டி:
செவ்வாய்க்கிழமைதான் விடை. உங்கள் கார்டு நன்றாக இருக்கிறது, அந்த டிஸ்ப்ளே போர்ட் கேபிள்தான் ஆள்.

டிஸ்ப்ளே போர்ட்டில் மொத்தம் 20 பின். கடைசியான 20ஆவது பின்னில் 3.3 வோல்ட் வரும், கார்டும் கொடுக்கும், மானிட்டரும் கொடுக்கும். ஏதாவது அடாப்டர் மாட்டினால் அதற்குச் சாப்பாடு போடுவதற்காக வைத்த ஏற்பாடு அது. சாதாரணக் கேபிளில் அந்தப் பின்னுக்கு வயர் ஓடவே கூடாது என்பது தரவிதி. ஆனால் மலிவான கேபிள்கள் சிலவற்றில் விதியை மதிக்காமல் 20 பின்னையும் நேருக்கு நேர் இணைத்துவிடுகிறார்கள். விளைவு, நீங்கள் யுபிஎஸ்ஸை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் மானிட்டர் இரவெல்லாம் கார்டுக்கு 3.3 வோல்ட்டை ஊட்டிக்கொண்டே இருக்கிறது. கார்டு முழுதாக அணையவும் இல்லை, எழவும் இல்லை, காலையில் நீங்கள் பட்டனை அமுக்கும்போது முதலிலிருந்து ஒழுங்காகத் தொடங்க முடியாமல் திணறுகிறது. மின்தடை அன்று மானிட்டரும் செத்துக் கிடந்ததால் கார்டு முழுதாக அணைந்து எழுந்தது, அவ்வளவுதான். நீங்கள் "எல்லாவற்றையும் பிடுங்கி மாட்டி" வரவைத்ததும் மானிட்டர் வயரைப் பிடுங்கிய தடவைகளாகத்தான் இருக்கும்.

காசில்லாத சோதனை: இன்று இரவு மானிட்டர் சுவிட்சையும் சுவரிலேயே அணைத்துவிடுங்கள். காலையில் கேபினட்டை முதலில் போட்டு, விசிறி சுற்றத் தொடங்கியதும் மானிட்டரைப் போடுங்கள்.

தாமிரபரணி07:
அண்ணா, ஒரே அமுக்கு!! வேண்டுமென்றே மறுநாள் மானிட்டரை அணைக்காமல் விட்டுப் பார்த்தேன், வரவில்லை. அதற்கு அடுத்த நாள் அணைத்தேன், வந்தது. யுபிஎஸ் அணைந்திருக்கும்போது கார்டு ஓரத்து விளக்கு மங்கலாக எரிவதையும் அறையை இருட்டாக்கிப் பார்த்துவிட்டேன், பேய்ப்படம் மாதிரி இருந்தது.

நேற்று அம்மாவின் சீரியல் நேரத்துக்கு முன்னால் செட்டாப் பாக்ஸ் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றி வந்து மாட்டியும் பார்த்தேன். மானிட்டர் ஆனில் இருந்தும் முதல் தடவையிலேயே டிஸ்ப்ளே. ஆனால் அதில் நிறமெல்லாம் வெளுத்துப்போய், கறுப்பு சாம்பல் மாதிரி தெரிகிறது, 120 ஹெர்ட்ஸுக்கு மேலும் காட்டவில்லை. இது வேறு பழுதா?

பழைய சிஆர்டி:
பழுதில்லை. எச்டிஎம்ஐயில் மாட்டினால் சில நேரம் கார்டு உங்கள் மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொள்ளும், 0 முதல் 255 வரை அனுப்ப வேண்டிய நிற அளவை 16 முதல் 235க்குள் சுருக்கி அனுப்பும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சேஞ்ச் ரெசல்யூஷன் போய், கீழே என்விடியா கலர் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுத்து, அவுட்புட் டைனமிக் ரேஞ்சை லிமிட்டடிலிருந்து ஃபுல் ஆக்குங்கள். 120 என்பது மானிட்டரின் எச்டிஎம்ஐ துளைக்கே உள்ள எல்லையாக இருக்கலாம், மானிட்டர் கையேட்டில் பாருங்கள். 165க்கு டிஸ்ப்ளே போர்ட்தான், வெசா (டிஸ்ப்ளே போர்ட் தரவிதியை வகுக்கும் அமைப்பு) சான்று பெற்ற கேபிளாக, 2 மீட்டருக்கு மேல் போகாமல் வாங்குங்கள். பெட்டியில் 8கே, தங்க முலாம் என்று எழுதியிருப்பதை எல்லாம் நம்ப வேண்டாம்.

ஐந்தாம் தலைமுறை:
இடையில் என் கேள்வி. என்னிடம் பழைய 19 அங்குல மானிட்டர், விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும் உள்ளது. புது கார்டில் டிவிஐ கூட இல்லை. விஜிஏவை எச்டிஎம்ஐ ஆக்கும் பெட்டி ஒன்று வாங்கினேன், டிஸ்ப்ளே வரவில்லை.

பழைய சிஆர்டி:
திசை தவறு. அது விஜிஏ கார்டிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்குப் போவதற்கானது. உங்களுக்கு வேண்டியது எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவது, இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், கடைக்காரரிடம் "கார்டு பக்கம் எச்டிஎம்ஐ" என்று சொல்லிக் கேளுங்கள்.

தாமிரபரணி07:
சான்று பெற்ற கேபிள் வந்து ஒரு வாரம் ஆகிறது. 165 ஓடுகிறது, மானிட்டர் இரவெல்லாம் ஆனில் கிடந்தாலும் காலையில் லோகோ வருகிறது. பழைய கேபிளை விற்ற கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இத்தனை நாள் 3.3 வோல்ட் போனதில் கார்டுக்கு ஏதாவது ஆகியிருக்குமா அண்ணா?

பழைய சிஆர்டி:
ஒரு வாரம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் கவலைப்படாமல் விளையாடுங்கள். அந்தக் கேபிளை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், தலையை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

தாமிரபரணி07:
வெட்டிவிட்டேன். செட்டாப் பாக்ஸ் கேபிளைத் திருப்பி மாட்ட மறந்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.